முன் அறையில் ஒரு விறகடுப்பு

நான் எழுதிய மனுவை வாசித்தால், மனுதாரர் காலமாகிவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது தொழில் தோஷம். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் வாசகம் எழுதுவதுதான் என் பொறுப்பு. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி என்று எதுவாக இருந்தாலும், ஆர்டர் கொண்டு வருகிறவர் பெயர்களை மட்டும் தருவார். மற்றதெல்லாம் நான் போடுவேன். செத்தவரை நான் பார்த்தே இருக்க மாட்டேன். இருந்தாலும் அவருடைய புன்னகையைப் பற்றியும் வாரி வழங்கிய கையைப் பற்றியும் நாலு வரி எழுதி, 'மீளாத் துயரில்' என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். குடும்பத்தார் வந்து படித்துப் பார்த்து அழுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு விருதுநகர் வீட்டில் சும்மா இருந்தேன். அதாவது மனைவிக்கு இடைஞ்சலாக இருந்தேன். சாம்பாரில் புளி தூக்கல் என்று ஒருநாள் சொன்னதற்கு மறுநாளே அவள் ஒரு செய்தி கொண்டு வந்தாள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குத் தன்னார்வலர்கள் எடுக்கிறார்களாம். வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்கள், வயதானவர்கள், கேட்பதற்கு ஆளில்லாதவர்கள் அங்கே வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு மனு எழுத வேண்டும், தேவைப்பட்டால் அலுவலகங்களுக்குக் கூடவே போய் வர வேண்டும்.

பயிற்சி கொடுத்தார்கள். கழுத்தில் தொங்கவிடும் அடையாள அட்டையும் கொடுத்தார்கள். பயிற்சி எனக்கு எவ்வளவு ஏறியது என்று தெரியாது, அட்டை நன்றாக ஏறிவிட்டது. காய்கறி வாங்கப் போகும்போதும் அதைக் கழற்றவில்லை. "குளிக்கையிலயாச்சும் கழட்டுவீகளா, இல்ல அதுக்கும் சோப்பு போடுவீகளா?" என்று மனைவி கேட்டாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை உண்மையில் பெரிய வேலைதான், நான்தான் சின்ன ஆள். தீப்பெட்டி ஆலையில் ஆயுள் முழுக்கக் குச்சி அடுக்கி விரல் ரேகை தேய்ந்துபோன பெண்கள் வருவார்கள். ரேஷன் கடை இயந்திரம் அவர்களை அவர்கள்தான் என்று ஒப்புக்கொள்ளாது. முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோன தாத்தாக்கள் வருவார்கள். எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாததுதான் அவர்களுடைய பாதிக் கஷ்டம். கூடவே ஒருவர் நடந்து போனாலே பல காரியங்கள் முடிந்துவிடும். அப்படி நடந்து போகிற வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். பேனாவை எடுத்தால்தான் வினை.

மையத்துக்கு வருகிற வழக்கறிஞர் ஒரு பெண். சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என் மகள் வயதுதான் இருக்கும். நான் எழுதிய மனுவைக் கையில் எடுத்தாலே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். ஒரு தடவை, "சார், இந்த அய்யா உசுரோடதான இருக்காரு?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார் என்றேன். "அப்ப 'அன்னாரது' எதுக்கு சார்?" என்றார். நடை கம்பீரமாக இருக்கும் என்று விளக்கினேன். அவர் அந்த வார்த்தையை அடித்தார்.

ஒருநாள் ஒரு அம்மா வந்தார், சீசன் சூடு பிடித்திருந்த சமயம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களை எங்கள் பக்கத்தில் சீசன் என்போம். ஊர் ஆமத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆனால் அப்போது ஆனைக்குட்டத்தில் தங்கச்சி வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னார். என்னைவிடச் சில வயது மூத்தவர். சிறு வயதில் தீப்பெட்டி, பிறகு பட்டாசு என்று கம்பெனி வேலையிலேயே காலத்தைக் கழித்தவர். கணவரைப் பட்டாசு விபத்தில் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு கட்டிய வீடு அவர் பெயரிலேயே இருந்தது. அதில் மகனும் மருமகளும் இரண்டு பேத்திகளும் இருக்கிறார்கள்.

"என்னம்மா செய்யணும்?" என்றேன்.

"எம் வீட்டுல முன் ரூம்பு எனக்கு வேணும் தம்பி. நான் இருந்த ரூம்புதான். அங்கன நான் இருக்கணும். அம்புட்டுதான்."

"மகன் வெளிய போகச் சொல்லிட்டாரா?"

"அவன் சொல்லல. நானாத்தான் வந்துட்டேன்."

"ஏன் வந்தீங்க?"

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். மறுபடியும் கேட்டேன். "நோட்டீசு விட்டா வருவான் தம்பி. நீங்க எழுதுங்க" என்றார்.

நல்ல தன்னார்வலனாக இருந்தால் அந்த மௌனத்தை அப்படியே விட்டு, வழக்கறிஞர் வரும் நாளில் வரச் சொல்லியிருப்பான். அவர் அன்று வேறொரு வழக்குக்காகப் போயிருந்தார். எனக்கோ கை அரித்தது. பெயர்களை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை என்னிடம் விட்ட ஆட்களோடுதான் காலமெல்லாம் பழகியிருக்கிறேன். வாய் திறந்து சொல்ல முடியாத கொடுமை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினேன். 'பெற்ற வயிறு பற்றி எரிய, உண்ண ஒரு பிடி சோறின்றி, கண்ணீர்க் கடலில் தத்தளிக்கும் அபலைத் தாய்' என்று ஆரம்பம். நடுவில் மகனைக் கல்நெஞ்சன் ஆக்கினேன். கடைசியில் 'ஆறாத் துயரில் வாடும்' என்று போட்டு, அதன் கீழே அந்த அம்மாவின் பெயர். வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "படிச்சவுக எழுதுனா சரியாத்தான இருக்கும்" என்று கைநாட்டு வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். நான் மனுவை இன்னொரு முறை படித்தேன். எனக்கே கண் கலங்கியது.

வழக்கறிஞர் மனுவைப் பார்க்கும் முன்பே நோட்டீஸ் போய், மகன் வந்தான். சட்ட உதவி மையத்தில் இப்படிப்பட்ட குடும்ப விவகாரத்தை எடுத்த எடுப்பில் வழக்காக்க மாட்டார்கள். இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சமரசம் பேசிப் பார்ப்பார்கள். அன்று பேச உட்கார்ந்தவர் அந்த வழக்கறிஞர்தான். ஓரத்தில் நாற்காலி போட்டு, அட்டையை நேராக்கிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். என் எழுத்து ஒரு சபையில் வாசிக்கப்படப் போகிறது அல்லவா.

வழக்கறிஞர் வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே நெற்றியைத் தேய்த்தார். 'ஒரு பிடி சோறின்றி' என்ற இடம் வந்ததும் மகன் எழுந்துவிட்டான். அவனுக்கு முன்னால் அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"இருங்க தாயி. எவன் எழுதுனது இத?"

வழக்கறிஞர் என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"எம் மகனா எனக்குச் சோறு போடல? ராத்திரி வரும்போது புரோட்டா வாங்கியாருவான். எண்ணெய்ப் புரோட்டா எம் பல்லுக்கு ஆகாதுன்னு, அவனே பிச்சுப் போட்டு சால்னாவுல ஊற வச்சுத் தருவான். கல்நெஞ்சனாம்ல! நீங்க பாத்தீகளா தம்பி?"

நான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். மகன் அம்மாவின் தோளைத் தொட்டு உட்கார வைத்தான். மகனுக்கு எதிராக மனுப் போட்ட தாயும் அந்த மகனும் ஒரே கட்சியாகி, எதிர்க்கட்சியில் நான் மட்டும் மிச்சம். மனு அன்றைக்கே செத்துப்போயிருக்க வேண்டியது. அதற்கு அஞ்சலி எழுத ஆள் பக்கத்திலேயே இருந்தேன்.

வழக்கறிஞர் மனுவை மடித்து வைத்துவிட்டு, அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். தனியாகச் சொல்வதை எதிர்த்தரப்பிடம் சொல்ல மாட்டோம் என்பது இந்தப் பேச்சின் வழக்கம். பக்கத்து அறைக்குப் போனார்கள். அந்த அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். போ என்று யாரும் சொல்லாததால் நின்றேன்.

"அம்மா, மகன் நல்லா வச்சுக்கிட்டாருன்னா ஏன் வெளிய வந்தீங்க?" வழக்கறிஞர் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அவ்வளவுதான் செய்தார். நான் அவசரப்பட்டு அலங்காரத்தால் நிரப்பிய அந்த மௌனத்தை அவர் காலியாகவே விட்டுவைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா பேசினார்.

"வீட்டுல வச்சு வேல பாக்கான் தாயி. முன்ன வெடிக்குக் காகிதக் குளா சுத்துனோம், வெறுங் குழலு. அது எல்லா வீட்டுலயும் சுத்துறதுதான், அதுல என்ன இருக்கு. இப்ப மருந்து அடைச்ச வெடியக் கொண்டாந்து எம் ரூம்புல போட்டுச் சரம் பின்னுறான். ஏஜென்ட்டு ராவோட ராவா லோடு எறக்குறான். அடுத்த ரூம்புலதான் புள்ளைக படுத்திருக்கு."

வெடிமருந்தை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். உரிமம் பெற்ற ஆலையில் தனித்தனி அறையில் செய்ய வேண்டிய வேலை அது. வீட்டில் செய்தால் கைது. கைது செய்ய ஆள் மிஞ்சினால்.

"சொல்லிப் பாத்தேன். இந்த ஒரு சீசன் ஆத்தான்னான். நான் வீட்ட விட்டுப் போயிட்டா பயந்து நிறுத்துவான்னு வந்தேன். ரூம்பு காலியாயிருச்சுன்னு இன்னும் ரெண்டு பங்கு கொண்டாந்து வச்சிருக்கான்."

வழக்கறிஞர் மெதுவாகச் சொன்னார். வீடு அம்மா பெயரில் இருக்கிறது, பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் காப்பதற்கான சட்டம் இருக்கிறது, அவர் நினைத்தால் மகனையே வெளியேற்றச் சொல்லிக் கேட்கலாம்.

"அவன வெளிய அனுப்புனா அந்தச் சரக்கும் புள்ளைகளும் அவங்கூடத்தான தாயி போகும்?"

வழக்கறிஞர், "போலீசுக்குச் சொல்ல வேண்டாம்னு கேக்குறீங்களா?" என்றார்.

"சொல்லிருவேன் தாயி. அவன் செயில்ல கெடந்தாலும் உசுரோட கெடப்பான். ஆனா புள்ளைகளுக்கு யாரு சோறு போடுவா? மொதல்ல என்னைய அந்த ரூம்புல கொண்டு உக்கார வையிங்க. மத்தத நான் பாத்துக்கிறேன். எனக்கு அங்கன ஒரு அடுப்பு மட்டும் தனியா வேணும். விறகடுப்பு."

இந்த இடத்தில்தான் நான் புகுந்தேன். அதுவரை சும்மா இருந்ததே அதிகம். அடுப்பு என்றதும் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் வந்துவிட்டது. ஏழைப் பெண்களுக்கு இலவச கேஸ் இணைப்புத் திட்டம் இருக்கிறது. பயிற்சியில் நான் ஒழுங்காகக் கேட்ட ஒரே வகுப்பு அது.

"விறகு எதுக்கும்மா இந்தக் காலத்துல? புகையில கண்ணு போயிரும், நெஞ்சு கெட்டுரும். நான் கேஸுக்கே எழுதிப் போடுறேன். அடுப்பும் தருவாங்க" என்றேன்.

"கேஸ் வேணாம் தம்பி."

"பயப்படாதீங்கம்மா. திருகினா எரியும், திருகினா அணைஞ்சிரும்."

"அதான் வேணாங்கேன்."

மூச்சுக்குழலைப் பற்றி நான் மேலும் பேசினேன். பெண்களின் ஆரோக்கியம் குறித்து ஒரு மகளிர் தின மலருக்கு எழுதிக் கொடுத்த வாசகம் முழுவதும் ஞாபகம் வந்தது. வழக்கறிஞர் என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, "சார், போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாங்க" என்றார்.

நீதிமன்ற வாசலில் உள்ள டீக்கடையில் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுதான் எனக்குப் புரிந்தது. இந்த மண்ணில் பிறந்தவன் நான். ஆலை வாசலில் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுவார்கள் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கங்கு கனிந்துகொண்டிருக்கிற அறைக்குள் எந்த மடையனும் மருந்தைக் கொண்டுவர மாட்டான், அதற்கு அடுத்த அறைக்கும் கொண்டுவர மாட்டான். கேஸ் அடுப்பை மகனே அணைத்துவிடலாம். விறகுக் கங்கை அப்படி அணைத்துவிட முடியாது, சாம்பலுக்குள் கிடந்தாலும் அது நெருப்புதான். அந்த அம்மா கேட்டது அடுப்பு இல்லை, காவல். நான் அதைத் திருகினால் அணைகிற காவலாக மாற்றித் தர மல்லுக்கு நின்றிருக்கிறேன். எங்கள் ஊரில் அச்சகத்துக் காகிதத்துக்காரர்கள் வேறு, பட்டாசு மருந்துக்காரர்கள் வேறு. நான் காகிதத்துக்காரன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கடைக்காரர், "எத்தன டீ சார்?" என்று இரண்டாவது தடவை கேட்டார்.

நான் தம்ளர்களோடு திரும்பியபோது மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். அம்மாவே மகனிடம் சொல்லிவிட்டிருந்தார். முன் அறை எனக்கு, அதில் விறகடுப்பு, அதை யாரும் அணைக்கக் கூடாது. மகன் மருந்து வேலையில் வளர்ந்தவன், அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"ஆத்தா, சீசன் நேரம்."

"ஒங்கப்பன் போனதும் சீசன்லதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வழக்கறிஞர் குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார்: "இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அந்த அறை காலியாகணும். சரக்கு எங்கிருந்து வந்துச்சோ அவுங்களே பத்திரமா எடுத்துக்கிட்டுப் போகணும். இல்லேன்னா நான் சும்மா இருக்க முடியாது. அதுவும் உங்களுக்குத் தெரியணும்." மகன் வெளியே போய் யாருக்கோ போன் போட்டான். சாயங்காலம் வழக்கறிஞர் அந்த ஊரில் தெரிந்தவர்களை விசாரித்து, அறை காலியாகிவிட்டதை உறுதி செய்த பிறகுதான் சாத்தூர் பஸ் ஏறினார்.

அதற்கு முன் உடன்படிக்கையை எழுதச் சொன்னார். "நான் சொல்றத மட்டும் எழுதுங்க சார்" என்றார். 'மனுதாரர் தமக்குச் சொந்தமான வீட்டின் முன் அறையில் வசிப்பார். அந்த அறையில் அவர் விறகடுப்பு வைத்துக்கொள்வதை எதிர்மனுதாரர் தடுக்கக் கூடாது.' எழுதி முடித்ததும் என் பேனா பழக்க தோஷத்தில் இன்னொரு சொல்லைத் தேடியது. மூடி வைத்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது சரி" என்றார். சுவரொட்டிகளுக்கு எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களுக்கு வந்த சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

உடன்படிக்கை ஆனவர்களைப் போய்ப் பார்த்து வருவதும் தன்னார்வலர் வேலைதான். தீபாவளி நெருங்கிய ஒரு மத்தியானம் போனேன். அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நல்ல வெயில். தூரத்திலேயே அந்த வீட்டுக் கூரையிலிருந்து புகை தெரிந்தது. முன் அறையில் அந்த அம்மா அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. மேலெல்லாம் வேர்வை. அடுப்பில் ஒரு பெரிய பானை.

"சமையல் இன்னும் முடியலையாம்மா?"

"அது காலையிலேயே முடிஞ்சுச்சு. வெந்நி போடுறேன்."

யாருக்கு என்று கேட்கவில்லை. அந்த வெயிலில் வெந்நீருக்கு ஆள் இல்லை. பேத்திகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். மகன் இப்போது உரிமம் உள்ள ஒரு கம்பெனிக்குக் காலையில் வேனில் போய்ச் சாயங்காலம் வருகிறானாம். அவர் இருமினார். நான் புகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவாவது கற்றிருந்தேன்.

அவர் பக்கத்தில் கருவேலம் விறகு பிளந்து ஒழுங்காக அடுக்கியிருந்தது. அந்த வயதில் அவர் பிளந்திருக்க முடியாது.

"விறகு யாரும்மா கொண்டு வர்றாங்க?"

"அவந்தான். கம்பெனிக்குப் போறதுக்கு முன்ன வெட்டிக் கொண்டாந்து போட்டுட்டுப் போவான்."

"அப்ப சமாதானம் ஆயிட்டாரு. நல்லாப் பேசுறாருல்ல?"

"பேச மாட்டான். கோர்ட்டுலயிருந்து வந்ததுலயிருந்து ஒரு வார்த்த பேசல. நான் வச்ச கொளம்பத் தொட மாட்டான். எம் மொகத்தப் பாக்க மாட்டான்."

காலம்தான் ஆற்றும் என்பது போல ஏதோ சொன்னேன். அஞ்சலி வாசகத்தில் போடுகிற வரி அது. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் ஒரு விறகை எடுத்து உள்ளே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேசலேன்னா என்ன தம்பி," என்றார். "இருக்கான்ல."